பூரணம் பொதிந்த பராத்தா

உணவின் சுவையை உண்பவர் அறிவர்; அதன் காலத்தைச் சமைப்பவரே அறிவர். சில உணவுகள் ஆறியபின்னும் சுவை குன்றுவதில்லை. வேறு சிலவற்றை அடுப்பினின்று இறக்கிய சூட்டோடு உண்ணல் வேண்டும். பஞ்சாப் நாட்டு இல்லங்களிலே காலை வேளையில் ஆக்கப்படும் பூரணப் பராத்தா இவ்விரண்டாம் வகையைச் சார்ந்தது. வயலுக்கும் வழிப்பயணத்துக்கும் கட்டிக்கொடுக்கத் தகுந்ததே எனினும், அதன் முழுச்சுவை கல்லினின்று எடுத்த சில நிமிடங்களுக்கு மட்டுமே உரியது.

பஞ்சாப் என்னும் பெயருக்கு ஐந்து நீர்கள் என்பது பொருள். ஐந்து ஆறுகள் பாயும் அந்நிலம் 1947 ஆம் ஆண்டிலே இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்குமாகப் பிரிக்கப்பட்டது. ஆயினும் எல்லையின் இருபுறத்து அடுக்களைகளிலும் பராத்தா ஒன்றே. குளிர்காலத் தொடக்கத்தில் விதைத்த கோதுமையைச் சித்திரை மாதத்தையொட்டி அறுவடை செய்யும் அம்மக்களுக்கு, சோற்றினும் ரொட்டியே நாளாந்த உணவாகும். அந்த ரொட்டிக்குள்ளே முள்ளங்கி, பூக்கோவா, பருப்பு, பாற்கட்டி முதலியவற்றைப் பொதிந்து சுடுவர். இன்று பெரிதும் விரும்பப்படுவது உருளைக்கிழங்கு பொதிந்த 'ஆலு பராத்தா' ஆகும். உருளைக்கிழங்கின் தாயகமோ தென் அமெரிக்க மலைநாடு. ஐரோப்பியர் கடல்வழியாகக் கொணர்ந்த பின்னரே இந்தியா அதனை அறிந்தது. மிளகாயும் அவ்வாறு வந்ததே. அயலிலிருந்து வந்தவற்றைப் பழைய ரொட்டி தன்னுள்ளே வைத்துத் தனதாக்கிக்கொண்டது.

பழைய டில்லியின் சாந்தினி சௌக்கிலே பராத்தாவுக்கென்றே பெயர்பெற்ற ஒரு சந்து உண்டு. அங்குள்ள கடைகளில் பராத்தாவை நெய்யிலே அமிழ்த்திப் பொரித்தெடுப்பர். வீட்டுப் பராத்தா அத்தகையதன்று. அது கல்லிலே சுடப்படுவது. ஒன்றுக்கு ஒரு தேக்கரண்டி நெய்யே போதுமானது.

இலங்கைத் தமிழ் இல்லங்களில் மோதகமும் கொழுக்கட்டையும் பிடித்துப் பழகிய கைகளுக்குப் பூரணம் பொதிவது புதியதொரு வித்தையன்று. ஆயினும் ஒரு வேற்றுமையை மனத்திற் கொள்ளல் வேண்டும். அரிசி மாவுக்கு இழுபடும் தன்மை இல்லை. கோதுமை மாவிலோ, நீர் சேர்த்துப் பிசைந்ததும் குளூட்டன் என்னும் புரதப் பின்னல் உண்டாகின்றது. பிசைந்தவுடன் அப்பின்னல் விறைப்பாய் நிற்கும். அவ்வேளையில் விரித்தால் மா சுருங்கும், அல்லது கிழியும். அரைமணி நேரம் ஈரத்துணியால் மூடிவைத்தால் இளகி, இழுத்த இழுப்புக்கு இசையும். ஆகவே, மாவுக்கு ஓய்வு கொடுப்பது சோம்பலன்று. செய்முறையின் ஒரு பகுதியே ஆகும்.

ஆறு பராத்தாக்களுக்கு 250 கிராம் மா வேண்டும். கடைகளிலே கோதுமை மா எனப் பெயர்பெறும் வெள்ளை மா இதற்கு உகந்ததன்று; தவிட்டோடு அரைத்த ஆட்டா மாவே ஏற்றது. அதனுடன் அரைத் தேக்கரண்டி உப்பும் ஏறக்குறைய 160 மில்லிலீற்றர் நீரும் சேர்த்து, காதுமடலைப் போன்று மென்மையாகும் வரை பிசைதல் வேண்டும். மாவுக்கு மா நீர் குடிக்கும் அளவு வேறுபடுமாதலால், நீரைச் சிறிது சிறிதாகவே சேர்க்க வேண்டும். பூரணத்துக்கு 300 கிராம் உருளைக்கிழங்கைத் தோலுடன் அவித்து, முற்றாக ஆறவிட்டு, கட்டியின்றி மசிக்க வேண்டும். அரிந்த பச்சைமிளகாய், இஞ்சி, கொத்தமல்லி இலை, சிறிது ஓமம், வறுத்துப் பொடித்த சீரகம் ஆகியவற்றை அதனோடு கலக்க வேண்டும். உப்பைப் பொதிவதற்குச் சற்று முன்னரே சேர்த்தல் நன்று.

பராத்தா கிழிவதற்குக் காரணம் பெரும்பாலும் கையன்று, நீரே. கிழங்கு சூடாயிருப்பின் அதன் ஆவி மாவை நனைக்கும். உப்பை முன்னரே இட்டால் இலையும் மிளகாயும் நீர்விடும். முள்ளங்கிப் பூரணத்தில் இத்தொல்லை மிகுதி. அதனால் பஞ்சாபியப் பெண்கள் துருவிய முள்ளங்கியில் உப்பிட்டுச் சிறிதுநேரம் வைத்து, நன்றாகப் பிழிந்த பின்னரே பொதிவர். பிழிந்த நீரையும் வீணாக்காது மாப் பிசைவதற்குப் பயன்படுத்துவதுண்டு. மாவும் பூரணமும் ஒரே மென்மையுடையனவாய் இருத்தல் வேண்டும் என்பதே இக்கலையின் முதல் விதி.

மாவை ஆறு உருண்டைகளாக்கி, ஒவ்வொன்றையும் நடுவிற் தடிப்பாகவும் ஓரத்தில் மெல்லிதாகவும் கையால் விரித்து, பூரணத்தை நடுவில் வைத்து, ஓரங்களை மடித்துக் கூட்டி மூட வேண்டும். மூடிய வாய் மேலிருக்க உள்ளங்கையால் தட்டி, சிறிது மாத் தூவி, நடுவை அழுத்தாமல் ஓரங்களை நோக்கி உருட்டுக்கட்டையை மெல்ல ஓட்ட வேண்டும். நன்கு காய்ந்த இரும்புக்கல்லில் முதலில் நெய்யின்றி இருபுறமும் வாட்டி, பின்னரே நெய் தடவிப் பொன்னிறமாகச் சுட வேண்டும். நெருப்பு மந்தமாயின் பராத்தா காய்ந்து விறைக்கும். மிகையாயின் புறம் கருகி ஓரம் வேகாது நிற்கும். தயிரும் ஊறுகாயும் துணையாக இருந்தால் வேறு கறி வேண்டா.

இனி, எந்தச் செய்முறைக் குறிப்பிலும் இடம்பெறாத செய்தி ஒன்று உண்டு. சூட்டோடு உண்ண வேண்டிய உணவை ஆக்குபவள் எப்போது உண்கிறாள்? பல இல்லங்களில், பள்ளி செல்லும் பிள்ளைக்கும் பணிக்குச் செல்லும் கணவனுக்கும் முதியோருக்கும் கல்லிலிருந்து நேரே பராத்தா செல்கின்றது. கிழிந்துபோன முதலாவது பராத்தா எவருடைய தட்டுக்கும் போவதில்லை, அடுப்போரத்தில் ஆறிக்கிடக்கும். அது யாருக்கென்று எவரும் கேட்பதுமில்லை. எல்லோரும் எழுந்து சென்றபின், நின்றவாறே அதனை உண்டு முடிப்பவள் அவளே. நாள்தோறும் நிகழ்வதனால் அது வழக்கமாகிவிட்டது. வழக்கமாகியதனால் எவர் கண்ணிலும் படாதுபோயிற்று.

இதற்குப் பரிகாரம் அரிதன்று. கிழங்கை முதல்நாள் இரவே அவித்து வைக்கலாம். மாவையும் பிசைந்து குளிர்ப்பெட்டியில் மூடி வைக்கலாம். காலையிலே ஒருவர் பொதிந்து உருட்ட, மற்றொருவர் கல்லருகே நிற்கலாம். திருப்பிப்போடுவதற்கும் நெய் தடவுவதற்கும் பெருந்திறமை வேண்டுவதில்லை. கணவனும் வளர்ந்த மகனும் ஒரு கிழமையிற் கற்றுக்கொள்வர். கிழிந்ததை எல்லோரும் பகிர்ந்து உண்ணலாம். அவ்வாறு செய்யும் வீட்டிலே, கடைசியாகக் கல்லினின்று எடுக்கப்படும் ஆறாவது பராத்தா, அதனை உருட்டியவளின் தட்டிலே ஆறாத பராத்தாவாகவே வந்து சேரும். அவளும் அமர்ந்து உண்பாள்.