கோடை முகத்தில் வீட்டுத்தோட்டம்

மாரி ஓய்ந்து, பனியும் நீங்கி, பங்குனி வெயில் முற்றத்து மணலைக் கொதிக்கவைக்கும் வேளையிலேதான் யாழ்ப்பாணத்து வீட்டுத்தோட்டங்களுக்கு உண்மையான சோதனை தொடங்குகின்றது. மழைக்காலத்திலே பயிர் வளர்ப்பது அரிதன்று. வேலியோரத்தில் வீசியெறிந்த பூசணி விதையுந் தானே முளைத்துக் கொடியோடும். வானம் கொடுப்பதை நிறுத்திய பின்னர், கிணறு ஒன்றையே நம்பி ஒரு கத்தரிச் செடியைக் காய்க்கவைப்பதிலேதான் இல்லத்தாரின் அறிவும் பொறுமையும் புலப்படுகின்றன.

இப்பருவத்திலே ஒரு வளவினுள் நுழைந்து பார்ப்பவர் இருவகைக் காட்சியை ஒருங்கே காண்பர். தைப்பொங்கலை அடுத்து நாட்டிய கத்தரி நன்றாகக் காய்த்திருக்கும். பந்தலிலே புடோல் நீண்டு தொங்கும். அது வளையாதிருத்தற்பொருட்டு அதன் நுனியிலே சிறு கல்லொன்று கட்டப்பட்டிருக்கும். பாகலும் பயற்றையும் ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கும் பதத்தில் இருக்கும். வேலியோரத்து முருங்கையோ வெயிலைப் பொருட்படுத்தாது நிற்கும். ஆயின் அதே வளவிலே தக்காளி பூத்துப் பூத்து உதிரும். இரவிலும் வெப்பந் தணியாதபோது தக்காளியின் மகரந்தம் வலுவிழத்தலால் பிஞ்சு பிடிப்பதில்லை. அதற்கு எத்துணை நீர் ஊற்றினும் பயனில்லை. மார்கழிக் குளிர்ச்சியிலே செழித்த கோவாவுக்கும் பீற்றூட்டுக்கும் இனி இங்கு இடமில்லை.

இவ்வெப்பத்தின் காரணம் வெளிப்படையானது. ஆண்டுதோறும் ஏப்ரல் 5ஆந் திகதியளவில் ஞாயிறு தெற்கே தேவேந்திரமுனைக்கு நேர் உச்சியில் நிற்கின்றது. அங்கிருந்து நாடோறும் வடக்கு நோக்கி நகர்ந்து, 15ஆந் திகதியளவில் யாழ்ப்பாணத்தின் உச்சிக்கு வருகின்றது. சித்திரைப் புத்தாண்டு பிறக்கும் நாட்களிலே, நண்பகலில் நிமிர்ந்து நிற்கும் கம்புக்கு நிழலே இல்லையெனலாம். அவ்வேளையிலே செடியின் நிலை எவ்வாறிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

நண்பகலில் இலை துவள்வதைக் கண்டவுடன் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுபவர் பலர். அஃது எப்பொழுதும் நீர்க்குறைவின் அடையாளமன்று. வேர் உறிஞ்சும் வேகத்தினும் இலை ஆவியாக விடும் வேகம் மிகும்போது இலை சற்றே தளர்கின்றது. அந்தி சாய்ந்ததும் நிமிர்ந்துவிடும். விடியற்காலையிலுந் துவண்டு கிடக்குமாயின், அப்பொழுதே வேரில் ஈரமில்லை எனக் கொள்ளல் வேண்டும். எனவே செடியின் தாகத்தை அறிய ஏற்ற வேளை காலையே. பாத்தியிலே விரலை இரண்டு அங்குல ஆழம் புதைத்துப் பார்த்தால் ஐயம் முற்றாக நீங்கும்.

குடாநாடு முழுவதும் ஒரே தன்மையதன்று. வலிகாமத்துச் செம்மண் வளம் மிக்கது; ஆயினும் அடியிலே சுண்ணாம்புக்கல் இருத்தலால் ஊற்றிய நீர் விரைந்து கீழிறங்கிவிடும். வடமராட்சியிலும் தென்மராட்சியிலும் மணற்றரை மிகுந்த இடங்களில், காலையில் ஊற்றிய நீரின் ஈரம் மாலையில் இராது. தீவுப்பகுதிகளின் நிலையோ இன்னும் இடர்மிக்கது. அங்கே நன்னீர்ப்படை மெல்லியதாகையால், கோடை முற்றுமுன்னரே கிணற்று நீர் உவர்க்கத் தொடங்கும். உவர்நீர் பட்ட பயற்றை இலையின் ஓரங் கருகுவதைக் கண்டு, அதனை நோயென்று எண்ணி மருந்து தெளிப்பவரும் உளர்.

இவ்வுவர் எங்கிருந்து வருகின்றது என்பதை அறிந்தாலன்றிக் கோடைத் தோட்டத்தின் இயல்பு விளங்காது. யாழ்ப்பாணத்திலே வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களிற் பெய்யும் மழையே சுண்ணாம்புக்கற் பாறையின் துளைகளிலும் வெடிப்புகளிலும் இறங்கித் தங்குகின்றது. நாற்புறமுங் கடலாதலின், நிலத்தின் அடியிலே கடல்நீரும் உண்டு. நன்னீர் கடல்நீரிலும் இலேசானது. ஆகையால் அதன்மேல் மிதக்கின்றது. நெதர்லாந்திலும் ஜெர்மனியிலும் கரையோர நிலங்களை ஆராய்ந்த அறிஞர்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி இதற்கொரு கணக்கை வகுத்தனர். கடல் மட்டத்திற்கு மேலே ஓரடி உயரத்துக்கு நன்னீர் நிற்குமாயின், கடல் மட்டத்திற்குக் கீழே ஏறத்தாழ நாற்பது அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பதே அக்கணக்கு. இதன் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். அளவுக்கு மீறி இறைத்து மேல்மட்டத்தை ஓரடி தாழ்த்திவிட்டால், கீழிருந்து உப்புநீர் பல அடி மேலெழ இடமுண்டாகின்றது. புத்தூரை அடுத்துள்ள நிலாவரைக் கிணற்றிலே மேல்நீர் நன்னீராயும், ஆழஞ் செல்லச் செல்ல உப்புக் கலந்ததாயும் இருப்பது யாவரும் அறிந்ததே. ஒவ்வொரு வளவின் கிணற்றுக்குக் கீழும் ஏதோ ஓர் ஆழத்தில் அதே உப்புநீர் காத்திருக்கின்றது எனக் கொள்வதே அறிவுடைமை.

முன்னோர் இக்கணக்கை எழுதிவைத்தாரல்லர். ஆயினும் அவர் கையாண்ட கருவியே அதற்கு எல்லை வகுத்திருந்தது. துலாவிலே ஒருவர் ஏறி மிதிக்க, ஒருவர் பட்டையைப் பிடித்து இறைக்க, மற்றொருவர் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறினார். மனிதர் களைத்தபோது கிணறும் ஓய்ந்தது. இரவிலே அது மீண்டும் ஊறியது. நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் அவ்வுழைப்புக் குறைந்தது. அது நன்மையே. ஆனால் இயந்திரத்துக்குக் களைப்பில்லை. ஆளியைத் தட்டிவிட்டு வேறு அலுவல் பார்ப்பவருக்குக் கிணற்றின் களைப்புந் தெரிவதில்லை.

வீட்டுத்தோட்டத்துக்கு வேண்டிய நீர் உண்மையில் மிகுதியன்று. கோடையிலே ஒரு சதுர மீற்றர் பாத்தியிலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 லீற்றர் நீர் மண்ணாலும் இலையாலும் ஆவியாகின்றது. பத்தடி நீளமும் பத்தடி அகலமுங் கொண்ட பாத்திக்கு இக்கணக்கின்படி 45 லீற்றர் வரை போதும். அதாவது நாலைந்து வாளி. குழாயைத் திறந்து வாய்க்காலில் ஓடவிடும்போது செலவாகும் நீரோ இதனிற் பன்மடங்கு. எஞ்சியது வேருக்கு எட்டாமற் கீழிறங்கிவிடுகின்றது. இறங்கும்போது பாத்தியிலிட்ட பசளையையுங் கரைத்துக்கொண்டு செல்கின்றது.

ஆதலின் கோடை தொடங்கும்போது செய்யவேண்டிய முதற் செயல், தோட்டத்தைச் சுருக்குவதேயாம். மாரியில் எட்டுப் பாத்தி வைத்திருந்த இல்லத்தார், கோடையில் மூன்றை மட்டும் வைத்து அவற்றைச் செவ்வையாகப் பேணுவாராயின், எட்டையும் அரைகுறையாக நனைப்பவரிலும் மிகுதியாகக் காய் பறிப்பர். வெண்டி, கத்தரி, பயற்றை ஆகியன இப்பாத்திகளுக்கு ஏற்றவை. கிணற்றடியின் ஈரத்திலே பொன்னாங்காணியும் வல்லாரையும் வளரும். முருங்கையும் மரவள்ளியும் அகத்தியும் ஒருமுறை வேரூன்றிய பின் அதிக நீர் கேளாதன. இவை இருக்குமளவும் எந்தக் கோடையிலுங் கறிக்குப் பஞ்சம் வராது.

இரண்டாவது செயல் மூடாக்கிடுதல். வெறுமண்ணை வெயிலுக்குக் காட்டுவது, மூடியில்லாப் பாத்திரத்தில் நீரை வைப்பதை ஒக்கும். சருகு, வைக்கோல், துண்டாக்கிய பனையோலை ஆகியவற்றுள் எது கிடைப்பினும், இரண்டு மூன்று அங்குலத் தடிப்பிற் பரப்பினால் ஈரம் நெடுநேரம் நிற்கும், களையுங் குறையும். கறையான் நடமாடும் இடங்களிலே மூடாக்குத் தண்டைத் தொடாதபடி நாலு விரல் இடைவெளி விடுதல் நன்று. தென்னையும் வாழையும் நிற்கும் இடங்களில் பொச்சுமட்டைகளைக் குழியிலே அடுக்கிப் புதைக்கும் பழைய வழக்கம் உண்டு; அம்மட்டை நீரை உறிஞ்சிவைத்து மெல்ல மெல்லக் கொடுக்கும். மினுக்கம் பூசாத மண்பானையைப் பாகற் கொடியின் அருகே கழுத்தளவிற் புதைத்து, நீர் நிரப்பி மூடிவைப்பதும் இவ்வகையினதே. பானையின் நுண்துளை வழியே கசியும் நீரைத் தேடி வேர் தானே வரும்.

நீரூற்றும் வேளையுங் கருதத்தக்கது. விடியற்காலையே சிறந்தது, அதற்கடுத்தது வெயில் தாழ்ந்த பின்னேரம். நாடோறும் மேலாகத் தெளித்தால் வேர் மேலேயே தங்கி, ஒருநாள் தவறினும் வாடும். ஒருநாள் விட்டு ஒருநாள் ஆழ நனைத்தால் வேர் கீழ்நோக்கிச் செல்லும். மணற்றரைக்கு மட்டும் இவ்விதி பொருந்தாது. அங்கே சிறிது சிறிதாக நாடோறும் ஊற்றுதலே முறை. புதிதாக நாட்டிய கன்றுகளுக்கு முதல் ஒரு வாரம் கிடுகு மறைப்பு இன்றியமையாதது. அரிசி களைந்த நீரும் காய்கறி கழுவிய நீரும் பாத்திக்கு ஆகும். சவர்க்காரம் மிகுந்த நீரை வாழைக்கு விடலாம், கீரைப்பாத்திக்கு விடலாகாது. கிணற்றடியிலே வாழையையும் கமுகையும் வைத்த முன்னோர், குளித்த நீரையும் வீணாக்கினாரல்லர்.

வெயிலோடு பூச்சிகளும் வருகின்றன. கத்தரிக் குருத்து வாடி நுனி சாய்ந்தால் உள்ளே புழு துளைத்திருக்கின்றது என்பது பொருள். குருத்தைச் சற்றுத் தாழ வெட்டி அழித்தல் வேண்டும். வெண்டியின் இலை நரம்புகள் மஞ்சளாயின், அது வெண்ணீ பரப்பும் நோய். அச்செடியைக் காப்பாற்ற முயலாது பிடுங்கிவிடுவதே மற்றச் செடிகளுக்குப் பாதுகாப்பு. பாகற் பிஞ்சைப் பழ ஈ குத்தாதிருக்கக் கடதாசிப் பையால் மூடுவது மருந்தினும் மலிவு. மிளகாய் இலை சுருளுமாயின் இலையின் அடிப்பக்கத்தைப் பார்த்தல் வேண்டும். சிற்றுண்ணியும் பேனும் வறண்ட காலத்திலே அங்குதான் பெருகும்.

பசளையைப் பற்றியும் ஒரு சொல் வேண்டும். பாத்தியும் கிணறும் ஒரே வளவில் இருக்கின்றன. பயிருக்கும் பிள்ளைக்கும் நீர் அதே கிணற்றிலிருந்துதான் வருகின்றது. அளவுக்கு மிஞ்சி இட்ட யூரியாவின் நைதரசன், நைத்திரேற்றாக மாறிச் சுண்ணாம்புக்கல் வழியே கிணற்றைச் சேர்கின்றது. உலக சுகாதார நிறுவனம் குடிநீரிலே ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்பதை எல்லையாக வகுத்துள்ளது. அவ்வெல்லையை மீறிய கிணறுகள் வலிகாமத்துத் தோட்டப்பகுதிகளிற் காணப்பட்டுள்ளன. அத்தகைய நீர் கைக்குழந்தைகளின் குருதி உயிர்வாயுவைக் கொண்டுசெல்லும் ஆற்றலைக் குறைக்க வல்லது. வீட்டுத்தோட்டத்துக்கு மாட்டெருவும், கூட்டெருவும், பூவரசங்குழையும் போதுமானவை. இவை மண்ணிலே ஈரத்தையும் நிறுத்தும் என்பது கோடையிலே கிடைக்கும் மேலதிக நன்மை.

இவையெல்லாம் பொழுதுபோக்குக்குரிய செய்திகளல்ல. 1990ஆம் ஆண்டை அடுத்த போர்க்காலத்திலே எரிபொருளும் பசளையும் அரிதானபோது, கிணற்றடி மரவள்ளியும் வேலி முருங்கையும் எத்தனையோ குடும்பங்களின் பசியைத் தணித்தன. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டிலே நாடெங்கும் உணவு விலை ஏறி மக்கள் எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோது, அரசாங்க ஊழியர் வீட்டிலே பயிர் செய்யும்பொருட்டு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்க 2022 யூன் மாதத்தில் அமைச்சரவை இணங்கியது. ஆயின் நெருக்கடி வந்தபின் மண்வெட்டியைத் தேடுபவருக்கு மண் உடனே சோறிடுவதில்லை. கத்தரி நாற்றுக் காய்க்க இரண்டு மூன்று மாதமாகும். மெலிந்த மண்ணைத் திருத்த ஆண்டுகள் ஆகும். ஒவ்வொரு கோடையையும் மூன்று பாத்தியோடேனும் கடந்துவந்த வீட்டுக்கே விதையும், பதப்பட்ட மண்ணும், பழகிய கையும் இருக்கும்.

சித்திரையிலே சிறுமாரி சில நாள் பெய்யக்கூடும். அதனை நம்பிப் பாத்திகளைப் பெருக்கலாகாது. அதன்பின் சோளகக் காற்று எழுந்து மண்ணை இன்னும் உலர்த்தும். சிறுமாரியை வாங்கிவைப்பதே செய்யத்தக்கது. 1,000 சதுர அடிக் கூரையில் ஓரங்குல மழை பெய்தால் 2,300 லீற்றர் வரை நீர் கிடைக்கும். மலக்குழிக்கு எட்ட, வளவின் மேட்டுப்பகுதியிலே ஒரு குழி வெட்டி, கூரைநீரை அதனுட் செலுத்தினால், அது கீழிறங்கி நன்னீர்ப்படையைச் சேரும்.

நேயர்கள் தத்தம் வளவிலே இவ்வாரமே செய்யக்கூடியன மூன்று உண்டு. காய்ப்பு ஓய்ந்த செடிகளைப் பிடுங்கி, எஞ்சிய பாத்திகளுக்கு மூடாக்கிடுதல் ஒன்று. நல்ல கத்தரி ஒன்றையும் பாகல் ஒன்றையும் பறிக்காது முற்றவிட்டு, அடுத்த பருவத்துக்கு விதையெடுத்தல் மற்றொன்று. கிணற்றுக் கட்டிலிருந்து நீர்மட்டம் எத்தனை முழம் என்பதைக் கயிற்றால் அளந்து, வாரந்தோறும் சுவரிலே குறித்துவருதல் மூன்றாவது. அக்குறி விரைந்து இறங்குமாயின், அடுத்த நாள் இறைப்பைக் குறைக்கவேண்டும் என்பதை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.