“கவனமாக ஏறு” என்பது பயிற்சி ஆகாது

(தெமோதரையில் தோட்டத் தொழிலாளர் முன்னிலையில் ஆற்றிய உரை)



இங்கிருந்து எல்லப் பக்கமாகச் சென்றால் ஒன்பது வளைவுப் பாலம் இருக்கிறது. 1921 இல் கல்லாலும் செங்கல்லாலும் சீமெந்தாலும் எழுப்பப்பட்ட அப்பாலம் ஏறத்தாழ 80 அடி உயரம். அதைக் காண உலகெங்குமிருந்து மக்கள் வருகின்றனர். சுற்றியுள்ள தேயிலை மலையில், நிழல் மரத்தின் உச்சியில் கத்தியோடு நிற்கும் மனிதனை நிமிர்ந்து பார்ப்பாரில்லை. அவனைப் பற்றியே பேச வந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வழக்கு நடத்தினேன். தோட்டத்தின் பெயர் வேண்டாம். மழை விட்ட காலையில் கிளை வெட்ட ஏறியவர், பட்ட கிளையில் கால் வைத்து விழுந்து இடுப்பு முறிந்தார். என்ன பயிற்சி அளித்தீர்கள் என்று நிர்வாகத்தின் சாட்சியைக் கேட்டேன். “கவனமாக ஏறு என்று சொன்னோம்” என்றார். இருபது ஆண்டு ஊழியத்துக்கு இரண்டு சொற் பயிற்சி!

சட்டம் எங்கே என்பீர்கள். 1942 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தேயிலைத் தொழிற்சாலையின் கூரையில் ஏறுபவனைக் காக்கும். வாசலைத் தாண்டி மலையில் மரமேறுபவனை அது எட்டுவதில்லை. அவனுக்கென இருப்பது 1934 ஆம் ஆண்டின் நட்டஈட்டுச் சட்டம். அதுவோ அவன் விழுந்த பின்னரே கண் விழிப்பது. அதிலும் ஒரு முள் உண்டு. பாதுகாப்புக்காக இட்ட கட்டளையை வேண்டுமென்றே மீறினான் என்று காட்டிவிட்டால், காயத்துக்கான நட்டஈடு கைநழுவலாம். “கவனமாக ஏறு” என்பதையே அத்தகைய கட்டளையாக்க எதிர்த்தரப்பு முயன்றது! ஆகவே முறையான பயிற்சி எலும்புக்கு மட்டுமன்று, வழக்குக்கும் காப்பு.

பயிற்சி எது? ஏறுமுன் பட்ட கிளையையும் குளவிக் கூட்டையும் நோக்குவது. கயிற்றை முழத்துக்கு முழம் சோதிப்பது. இடுப்புப் பட்டியை வெட்டும் கிளையில் அல்ல, அடிமரத்தில் பிணைப்பது. ஈரத்திலும் காற்றிலும் ஏறாதிருப்பது. இவற்றைவிட நாம் மறப்பது ஒன்று: இறக்கத் தெரிந்த இன்னொருவன் கீழே நிற்க வேண்டும். பட்டியில் அசைவின்றித் தொங்குபவனின் இரத்தம் கால்களில் தேங்கும். தாமதித்தால் உயிரே போகலாம். விழுந்தவனைக் கம்பளியில் சுருட்டித் தூக்கி ஓடுகிறோமே, முறிந்த முதுகெலும்புக்கு அதைவிடக் கேடில்லை. பலகையில் கிடத்தி, அசையாமல் பதுளைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

இதைப் பத்திரிகையில் படிக்கும் யாழ்ப்பாணத்து விவசாயிகளே, உங்கள் பனையிலும் தென்னையிலும் ஏறுபவன் தந்தையிடம் தொழில் கற்றவன் என்று தப்பிக்கொள்ளாதீர்கள். இந்தியத் தென்னை வளர்ச்சி வாரியம் 2011 இல் மரமேறும் இளைஞருக்கென ஒரு திட்டம் தொடங்கி, ஆறு நாட் பயிற்சியும் ஏறும் கருவியும் காப்புறுதியும் சேர்த்தே வழங்கியது. துரைமாரின் நாட்டிலோ, 2005 இல் வந்த விதிகளின்படி, விழுந்தால் காயம் நேரக்கூடிய எந்த உயரமும் உயரமே. தகுதி பெற்றவனையே ஏற்றலாம்.

சம்பளப் பேச்சு வரும்போதெல்லாம் நாட்கூலியைப் பற்றிப் பேசுகிறோம், பேச வேண்டியதே. அதே மேசையில் இதையும் வையுங்கள்: பயிற்சி நாளுக்கு முழுப்பேர், எழுத்தில் பயிற்சிச் சான்று, பட்டியில்லாமல் ஏற மறுப்பவனுக்குப் பேர் வெட்டாமை. நாளைக் காலை பிரட்டுக் களத்தில் கத்தியை நீட்டினால், “கயிறு எங்கே, ஐயா?” என்று கேளுங்கள்.