ஒரு நிழலும் இரு சொற்களும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)

பத்தாண்டுகளாகத் தமிழ்ச் சொல்லின் நயம் பேசிவரும் இவ்வவையில், ரஷ்யர்கள் ஆங்கிலம் கற்கும்போது அடையும் இடர்ப்பாட்டைப் பற்றி நான் பேச முற்பட்டிருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். காரணம் உண்டு. ஒரே பொருளைச் சுட்டுவன போலத் தோன்றும் சொற்களை வேறு பிரித்துக் காட்டும் வழக்கம் நமக்குத் தொன்மையானது. ஈ, தா, கொடு என்னும் மூன்றும் இரத்தற்பொருளில் வருவனவே. எனினும் கேட்பவன் இழிந்தோனா, ஒத்தோனா, உயர்ந்தோனா என்பதற்கேற்ப அவை வேறுபடும் எனத் தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் வரையறுத்தார். நிகண்டு சொற்களைத் திரட்டுகிறது; இலக்கணம் பிரிக்கிறது. வேற்றுமொழி கற்பவனுக்குத் திரட்டு மட்டும் போதுமா என்பதே என் வினா. ரஷ்யரின் அனுபவம் அதற்கு நல்ல விடை தருகிறது.

உடம்பிலிருந்து தொடங்குகிறேன். ஆங்கிலேயர் மணிக்கட்டில் ஒரு கோடு கிழித்து, அதற்குக் கீழ் உள்ளதை 'ஹேண்ட்' என்றும் மேல் உள்ளதை 'ஆர்ம்' என்றும் வழங்குகின்றனர். கணுக்காலிலும் அப்படியொரு கோடு. கீழே 'ஃபுட்', மேலே 'லெக்'. ரஷ்யருக்கு அக்கோடுகள் இல்லை. 'ருக்கா' என்றால் தோள்முதல் விரல்நுனிவரை. 'நகா' என்றால் கால் முழுவதும். 'பாலெட்ஸ்' என்பது கைவிரலுக்கும் பொது, கால்விரலுக்கும் பொது. நம் கை, கால், விரல் ஆகியவையும் இவ்வாறே அல்லவா? நாம் பெருவிரல் என்பதை அவர்களும் 'பெரிய விரல்' என்றே சொல்கின்றனர். ஆங்கிலத்தில் அதற்குத் 'தம்' என்று தனிப்பெயர். மணிக்கட்டுக்குக் கீழ்ப்பட்ட பகுதியைக் குறிக்க ரஷ்ய மொழியிலும் 'கீஸ்த்' என்றொரு சொல் உண்டு; ஆனால் வலியில் இருப்பவன் அதைத் தேடிக்கொண்டிருப்பதில்லை. ஆங்கில மருத்துவர் முன்னே அமர்ந்து 'ஹேண்ட்' வலிக்கிறது என்று ஒரு ரஷ்யர் சொன்னால், வலி முழங்கைக்கு மேல் இருக்கக்கூடும். மருத்துவரோ மணிக்கட்டைப் பிடித்துப் பார்ப்பார். சொல் தெரியாமையால் வந்த பிழையன்று இது. சொல்லின் எல்லை தெரியாமையால் வந்தது.

கவிஞர்கள் கருதத்தக்கது அடுத்த சொல். ரஷ்ய மொழியில் 'த்யேன்' என்பது நிழல். நம் நிழலைப் போலவே அதுவும் இரண்டு வேலை செய்கிறது. மரத்தடியில் வெயிலுக்கு ஒதுங்கும் இடமும் நிழல். சுவரில் விழும் நம் உருவமும் நிழல். ஆங்கிலத்தில் முன்னது 'ஷேட்', பின்னது 'ஷேடோ'. ஒளி படாத குளிர்ந்த இடம் ஒன்று. ஒளியை மறைத்த பொருளின் வடிவம் மற்றொன்று. முன்னதற்கு விளிம்பு முக்கியமன்று. பின்னதற்கு விளிம்பே உயிர். 'ஷேட்' எண்ணப்படாத பொருள், 'ஷேடோ' எண்ணப்படுவது. ஒருமைச் சுட்டும் 'ஏ' என்னும் சொல் ஒன்றின்முன் வரும், மற்றதன்முன் இப்பொருளில் வராது. ரஷ்ய மொழியில் அத்தகைய சுட்டே கிடையாது. ஆதலால் மாணவருக்கு இடறல் இரட்டிப்பாகிறது. 'மரத்தின் ஷேடோவில் இளைப்பாறினோம்' என்று அவர் எழுதினால் பொருள் புரியும். ஆனால் ஆங்கில வாசகனுக்கு அங்கே ஒரு கருமை, சற்றே அச்சம் தோன்றும். எழுதியவர் கருதியதோ குளிர்ச்சி. இளைப்பாற அழைத்த வரி அச்சுறுத்தி அனுப்புகிறது.

இதனினும் நுட்பமானது தனிமை. ரஷ்யர் 'அதிநோச்செஸ்த்வா' என்பர். யாருமற்றுத் தவிக்கும் நிலைக்கும் அதுவே பெயர். விரும்பி ஏற்றுக்கொண்ட அமைதிக்கும் பெரும்பாலும் அதுவே பெயர். ஒதுங்கி வாழ்தலைச் சுட்ட வேறொரு சொல்லும் அவர்களிடம் உண்டு, நம்மிடம் ஏகாந்தம் உள்ளது போல. ஆயினும் நாள்வழக்கில் நாமும் தனிமை என்ற ஒன்றையே எடுத்தாள்கிறோம். அதன் நிறத்தைச் சூழல் சொல்லட்டும் என விட்டுவிடுகிறோம். ஆங்கிலம் அவ்வாறு விடுவதில்லை. தவிப்பு 'லோன்லினஸ்', நிறைவு 'சாலிட்யூட்'. தன் தனிமையைப் போற்றிப் பேசக் கருதிய ரஷ்யர் முதற்சொல்லை எடுத்துவிட்டால், கேட்பவர் இரக்கப்பட்டு ஆறுதல் சொல்லத் தொடங்குவார். பேசியவர் மனத்தில் அப்படியொரு துன்பமே இருந்ததில்லை. சோவியத் ஒன்றியம் 1991இல் கலைந்ததை ஒட்டிய ஆண்டுகளில் ரஷ்ய மொழி பேசுவோர் பெருந்தொகையினர் அமெரிக்காவிற்குக் குடிபெயர்ந்தனர். அவர்களுக்கு இவை வெறும் தேர்வுக்கூட வினாக்களாக இருந்திரா.

வேறு சில இணைகளை விரைந்து சொல்லிச் செல்கிறேன். விபத்திலிருந்து காப்பது 'சேஃப்டி', பகைவரிடமிருந்து காப்பது 'செக்யூரிட்டி'. ரஷ்ய மொழி இரண்டையும் 'பெஸ்அபாஸ்னஸ்த்' என்ற ஒன்றில் அடக்கும். ஆலைச் சுவரில் எழுதப்படும் எச்சரிக்கையிலும் அச்சொல் உண்டு. அரசின் உளவு அமைப்பான கே.ஜி.பி.யின் முழுப்பெயரிலும் அச்சொல்லே இருந்தது. வரலாற்றில் இடம்பெறத்தக்க நாள் 'ஹிஸ்டாரிக்'. வரலாற்றைப் பொருளாகக் கொண்ட நாவல் 'ஹிஸ்டாரிக்கல்'. ரஷ்யருக்கு இரண்டும் ஒன்றே.

ரஷ்யம் வறிய மொழி என்று இதனால் எவரும் முடிவு கட்டிவிட வேண்டா. ஆங்கிலம் 'ப்ளூ' என ஒரே பெயரிட்ட இடத்தில் ரஷ்யருக்கு இரு நிறங்கள் உள. வெளிர்நீலம் 'கலுபோய்', அடர்நீலம் 'சீனிய்'. அவர்களுக்கு இவை ஒரு நிறத்தின் இரு சாயல்கள் அல்ல. இரு வேறு நிறங்கள். 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதைச் சோதித்தது. நீலச் சதுரங்களைக் காட்டி, ஒத்திருப்பதைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். மற்றச் சதுரம் மறுபெயருக்கு உரியதாக இருந்தபோது ரஷ்யர்கள் விரைந்து விடையளித்தனர். மனத்துக்குள் எண்களை ஓதிக்கொண்டே பார்க்கச் சொன்னபோது அவ்விரைவு மறைந்தது. ஆங்கிலம் பேசுவோரிடம் அப்படியொரு விரைவு தொடக்கத்திலேயே காணப்படவில்லை. கண்ணுக்குள்ளும் சொல் நுழைந்து வேலை செய்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்றை நான் கண்டதில்லை. உண்மை என்ற பொருளிலும் ரஷ்யருக்கு 'ப்ராவ்தா', 'ஈஸ்தினா' என இரண்டு. முன்னது 1912இல் தொடங்கிய செய்தித்தாளின் பெயராய் நமக்கும் அறிமுகமானது. பின்னது மெய்ம்மை என்னும் உயர்பொருளை நோக்குவது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'ட்ரூத்' ஒன்றே.

அகராதி இவ்விடரைத் தீர்க்காதா? இணைச்சொல் ஒன்றைத் தந்து அமையும் அகராதி தீர்க்காது; அதுவே இடரை வளர்ப்பது. இதை உணர்ந்தவர்களும் ரஷ்யர்களே. ரோசன்மேனும் மொழியறிஞர் யூரி அப்ரெஸ்யானும் உருவாக்கிய ஆங்கில ரஷ்ய ஒருபொருட்சொல் அகராதி 1979இல் மாஸ்கோவில் வெளிவந்தது. சொற்களை நிரலாக அடுக்குவதோடு அது நில்லாது. அவற்றுக்குப் பொதுவானது எது, வேறுபடுவது எது, எச்சொல் எச்சொல்லோடு சேரும் என்று ரஷ்ய மொழியிலேயே விளக்கும். நிகண்டும் இலக்கணமும் ஒரே நூலில் கூடியது போன்றது அம்முயற்சி. சொல்லை அதன் சுற்றத்தோடு கற்பிக்க வேண்டும் என்பது என் துணிபு. 'ஷேடோ' விழும், நீளும், பின்தொடரும். 'ஷேட்'டில் நாம் அமர்வோம். வினைச்சொல்லைக் கற்றவன் பெயர்ச்சொல்லில் தவறான்.

தேர்ந்தவருக்கும் இவ்வழி எளிதன்று. 1972இல் தாய்நாட்டை விட்டு வெளியேற்றப்பட்ட கவிஞர் ஜோசஃப் பிராட்ஸ்கி 1987இல் நோபல் பரிசு பெற்றார். அவருடைய ஆங்கிலக் கட்டுரைகள் பெரிதும் பாராட்டப்பட்டன. தம் ரஷ்யக் கவிதைகளைத் தாமே ஆங்கிலமாக்கியபோதோ ஆங்கிலத் திறனாய்வாளர் சிலர் கடுமையாகக் குறை கூறினர். உரைநடை மன்னிக்கும் இடைவெளியைக் கவிதை மன்னிப்பதில்லை போலும்.

இறுதியாக ஒரு சொல். செகாவ் 1886இல் எழுதிய சிறுகதை ஒன்றின் பெயர் 'தஸ்கா'. மகனைப் பறிகொடுத்த வண்டிக்காரன் அயோனா, வண்டியில் ஏறுபவர்களிடமெல்லாம் அதைச் சொல்ல முயல்கிறான், கேட்பார் இல்லை. கடைசியில் தன் குதிரையிடம் சொல்லுகிறான். கான்ஸ்டன்ஸ் கார்னெட் அம்மையார் இதற்கு 'மிசரி' என்று ஆங்கிலத் தலைப்பிட்டார். பின்வந்தோருள் 'ஹார்ட்ஏக்' என்றவர் உண்டு, 'க்ரீஃப்' என்றவர் உண்டு. 'மிசரி'யில் வறுமையின் வாடை கலந்திருக்கிறது. 'க்ரீஃப்' இழப்பைச் சுட்டுகிறது, ஆனால் இழந்தவரை நோக்கி இழுக்கும் இழுப்பைச் சுட்டவில்லை. 'தஸ்கா'வில் அந்த இழுப்பும் உண்டு. பிரிந்தவரை எண்ணி ஏங்குதலை ரஷ்யர் அதன் வினைவடிவாலேயே சொல்வர். நம்மிடம் துயரம் இருக்கிறது, ஏக்கம் இருக்கிறது, ஆற்றாமை இருக்கிறது. அயோனாவின் கதைக்கு இவற்றுள் எதைத் தலைப்பாக இடுவீர்கள் என்று இங்கே அமர்ந்திருக்கும் கவிஞர்களைக் கேட்டு அமர்கிறேன். நான் ஏக்கம் என்பேன். என் நண்பர் ஒருவர் ஆற்றாமை என்றே வாதிடுகிறார்.