வெண்திட்டுகளும் நமது அச்சமும்
(பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



உடுப்பிட்டியில் வளர்ந்த நாம், தோலில் வெள்ளைத் திட்டுகள் உள்ளவர்களைக் கண்டிருக்கிறோம். அவர்கள் குடித்த பேணியில் தண்ணீர் குடிக்கத் தயங்கியிருக்கிறோம். கலியாணப் பேச்சுக்கால் வந்தபோது அந்த வீட்டைத் தவிர்த்திருக்கிறோம். 'வெண்குட்டம்' என்ற பெயரே நம்மைப் பயமுறுத்தப் போதுமானதாக இருந்தது. தமிழ்நாட்டில் வெண்புள்ளிகள் விழிப்புணர்வு இயக்கம் இப்பெயரை மாற்றப் பாடுபட்டது. நாமும் இப்பெயரைக் கைவிட வேண்டும். தொழுநோய் கிருமியால் வருவது. அதன் திட்டில் உணர்ச்சி குறையும். வெண்திட்டு கிருமியால் வருவதன்று, தொற்றுவதுமன்று.

நமது தோலுக்கு நிறம் தருவது மெலனின். அதை ஆக்குபவை நிறமிக் கலங்கள். அவை இல்லாத இடம் வெண்மையாகும். இதில் இரு வகைகளை நாம் பிரித்தறிய வேண்டும்.

முதலாவது, பிறந்தபின் தோன்றும் வெண்புள்ளி. இங்கே உடலின் நிர்ப்பீடனத் தொகுதியே நிறமிக் கலங்களை அழிக்கிறது. ஆயினும் மயிர் வேர்களில் சில கலங்கள் எஞ்சியிருக்கும். கழியூதா ஒளிச் சிகிச்சையும் பூச்சு மருந்துகளும் அவற்றைத் தூண்டுவதால், திட்டினுள் முதலில் சிறு சிறு புள்ளிகளாக நிறம் திரும்பும்.

இரண்டாவது, பரம்பரையாகப் பிறப்பிலேயே வரும் 'பைபோல்டிசம்'. கருவில் நிறமிக் கலங்கள் முதுகுப்புறத்திலிருந்து முன்புறம் நோக்கி நகர்கின்றன. 'கிட்' என்னும் பரம்பரையலகில் குறை இருந்தால், அவற்றிற் சில சேரவேண்டிய இடத்தை அடைவதில்லை. அதனால் நெற்றியில் வெள்ளை மயிர்க்கற்றையும், நெஞ்சு, வயிறு, கைகால்களில் வெண்திட்டுகளும் காணப்படும். இந்தக் காரணம் 1991இல் கண்டறியப்பட்டது. தாய் அல்லது தந்தைக்கு இது இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்கான வாய்ப்பு சரிபாதி. தாய் கிரகணம் பார்த்ததோ, உண்ட உணவோ காரணமல்ல. ஆகவே அவளைப் பழிப்பது அநியாயம்.

இத்திட்டுகளில் தூண்டுவதற்குக் கலங்கள் இல்லை. அதனால் பூச்சும் ஒளியும் பொதுவாகப் பயன் தருவதில்லை. கலங்களையே கொண்டுவந்து சேர்க்க வேண்டும். தொடையிலிருந்து மெல்லிய தோலை எடுத்து, நொதியத்தால் கலங்களைப் பிரித்து, மேற்பரப்பு உராய்ந்தெடுக்கப்பட்ட திட்டின்மேல் பரப்பிக் கட்டுவார்கள். சிறிதளவு தோல் பல மடங்கு பரப்புக்குப் போதும். நிறம் வரச் சில மாதங்கள் செல்லும். முற்றாகப் பொருந்தாமலும் போகலாம். இந்தியாவின் பெரிய வைத்தியசாலைகளில் இச்சிகிச்சை நடைபெறுகிறது.

எனவே, திட்டைக் கண்டால் எண்ணெய்க்கும் பத்தியத்துக்கும் பணத்தைச் செலவழிக்குமுன் தோல் வைத்திய நிபுணரிடம் காட்டுங்கள். எவ்வகை என்று அறியாமல் மருந்து தேடுவது வீண். வெண்திட்டு வெயிலில் எளிதில் எரியும். மூடிப் பாதுகாக்க வேண்டும்.

சிகிச்சை பெறுவதும் பெறாதிருப்பதும் அவரவர் விருப்பம். அந்தப் பிள்ளையின் நிறம் திரும்பும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரே வாங்கில் இருப்பதற்கும், ஒரே பேணியில் குடிப்பதற்கும், மருமகளாக வரவேற்பதற்கும் இன்றைக்கே தடையில்லை.