போர்வை தைக்க எந்த மிஷின்?
(கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



இந்த மாதம் தையல் மிஷினுக்குக் கடன் கேட்டு நிறைய மனு வந்திருக்கு. பழைய சேலைகளை அடுக்கிப் போர்வை தைக்கிறோம், கரூர் ஆர்டருக்குப் பஞ்சு வைத்த அடுப்படிக் கையுறை தைக்கிறோம் என்று எழுதியிருக்கீங்க. நல்ல விஷயம். ஆனால் ஜாக்கெட் தைக்கிற மிஷின் எல்லாம் இந்த வேலைக்கு உதவாது. கடனைக் கட்டப் போவது நீங்கள், கடைக்காரர் இல்லை.

போர்வை என்றால் துணி நாலைந்து அடுக்கு. மிஷினின் பல் அடித்துணியைத்தான் இழுக்கும். மேல்துணியை ஃபுட் அழுத்திப் பிடிப்பதால் அது பின்தங்கும். கடைசியில் மேல்துணி மிச்சமாகி மடிப்பு விழும். அதனால் ஃபுட் அழுத்தத்தைத் தளர்த்துகிற திருகும், தையல் நீளத்தைக் கூட்டுகிற வசதியும் கட்டாயம் வேணும். முதலில் கையால் பெரிய ஓட்டுத் தையல் போட்டு, நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தைத்தால் பாதித் தொல்லை தீரும். (நம்ம பாட்டிமார் மிஷினே இல்லாமல் தைத்தவர்கள்தானே!)

ஊசிக்கும் வலப்பக்கத் தூணுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் சுருட்டிய போர்வை நுழையணும். மேஜை மேல் வைக்கும் சின்ன மிஷினில் இந்த இடம் குறைவு. கடையிலேயே சாண் வைத்து அளந்து பாருங்க.

கையுறைக்குச் சாதாரண கறுப்புக் கால் மிஷின் போதும். தடித்த போர்வைக்கு, கடையில் 'அம்ப்ரெல்லா' என்று சொல்கிற கனமான மாடல் நல்லது. பவர் மிஷின் வேகமாக ஓடும், ஆனால் கரண்ட் போனால் கையைக் கட்டி உட்காரணும். பூத்தையல் போடுகிற மிஷினைக் காட்டி ஆசை காட்டுவாங்க. முதல் மிஷினாக அது வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். பழுதானால் நம்ம ஊர் மெக்கானிக் கை வைக்கவே தயங்குவார்.

கடைக்குப் போகும்போது உங்கள் சேலையையே நாலைந்தாக மடித்து எடுத்துப் போங்க. கடைக்காரர் ஒற்றைத் துணியில்தான் ஓட்டிக் காட்டுவார், அதில் எந்த மிஷினும் அழகாகத் தைக்கும்! 16 அல்லது 18 நம்பர் ஊசி போடச் சொல்லி, மெதுவாக மிதித்துப் பாருங்க. தையல் விட்டுவிட்டு விழுந்தால், அடியில் நூல் சிக்கினால், வேண்டாம். பழைய மிஷின் என்றால் பல் தேய்ந்திருக்கிறதா, ஊசித் தண்டு ஆடுகிறதா என்று பார்க்கணும்.

இப்போ கணக்கு. 12,000 ரூபாய் கடன், 100-க்கு மாதம் 1 ரூபாய் வட்டி, 12 தவணை என்று வையுங்கள். முதல் மாதம் அசல் 1,000, வட்டி 120, ஆக 1,120. நூல் செலவு போக ஒரு போர்வைக்கு 80 ரூபாய் நின்றால், 14 போர்வை தவணைக்கே போயிடும். 15-வதில் இருந்துதான் வீட்டுக்கு. மாதம் அத்தனை போர்வைக்கு ஆள் இருக்கா?

கணவரை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிகள் கடன் வாங்கும் முன் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டம் பற்றிக் கேளுங்க. 20 முதல் 40 வயதுக்குள் இருக்கணும், தையல் பயிற்சிச் சான்றிதழ் வேணும்.

மனுவில் எந்த மாடல், என்ன வேலை, மாதம் எத்தனை உருப்படி என்று எழுதி, பத்தாம் தேதிக்குள் உங்கள் ஊக்குநரிடம் கொடுத்திடுங்க.