பழைய வண்டியின் பின்வில்

பெரகலையிலிருந்து வெல்லவாயவை நோக்கி இறங்கும் பெருந்தெருவிலே கொஸ்லந்தை என்னும் சிற்றூர் இருக்கிறது. அதனை அடுத்த மலைச்சரிவில் அமைந்தது மீரியபெத்த. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 29ஆம் திகதி காலையில் நேர்ந்த மண்சரிவினால் அதன் பெயரை நாடு முழுவதும் துயரத்தோடு அறிந்துகொண்டது. தியலும நீர்வீழ்ச்சியைக் காண வரும் உல்லாசப் பயணிகளுக்கு அந்த மலை ஒரு காட்சி. அங்கு வாழ்வோருக்கோ அது நாள்தோறும் ஏறி இறங்க வேண்டிய வழி. பேறுகாலத்துப் பெண்ணை வைத்தியசாலையிற் சேர்ப்பதும், பரீட்சை எழுதும் பிள்ளையைப் பண்டாரவளைக்கு அழைத்துச் செல்வதும், மரக்கறி மூட்டையைச் சந்தைக்கு இறக்குவதும் அந்த வழியாலேயே ஆகவேண்டும். அத்தகைய இடத்தில் வாழும் குடும்பத்துக்கு ஒரு பழைய மோட்டார் வண்டி ஆடம்பரப் பொருளன்று.

புது வண்டி வாங்கும் நிலை எல்லார்க்கும் இல்லை. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025ஆம் ஆண்டு பெப்ரவரியிலேதான் மீண்டும் வழி திறந்தது. அந்த ஐந்தாண்டுக் காலத்தில் நேற்றைய வண்டிகளுக்கும் விலை ஏறியது. இது இலங்கைக்குப் புதிய அனுபவமன்று. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் இறக்குமதி சுருங்கியபோதும், 1977ஆம் ஆண்டு வரையில் அந்நிலை நீடித்தபோதும், இருந்த வண்டிகளைத் திருத்தித் திருத்தியே மக்கள் ஓட்டினர். அவ்வாறு திருத்தப்பட்டுப் பிழைத்து வந்த வண்டிகளுள் முதலிடம் மொறிஸ் மைனருக்கு உரியது.

அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வகுத்த அந்த வண்டி 1948ஆம் ஆண்டு இலண்டன் மோட்டார்க் கண்காட்சியில் முதன்முதல் வைக்கப்பட்டது. பத்து இலட்சம் என்னும் தொகையை எட்டிய முதலாவது பிரித்தானிய மோட்டார் வண்டி அதுவே. முன்புறத்திலே முறுக்குக் கம்பியை வில்லாகக் கொண்ட நூதன அமைப்பு அதற்கு உண்டு. பின்புறமோ பழைய முறையானது. குதிரை வண்டிக்கு உரிய பட்டை வில். இந்தப் பழமைதான் வீட்டிலேயே திருத்த முயல்வோருக்கு வாய்ப்பாக அமைந்தது. பிற்காலத்தில் இங்கிலாந்தின் பாத் நகரத்து சார்ள்ஸ் வெயர் என்பவர் தென்னிலங்கையில் ஒரு தொழிலகத்துடன் கூட்டுச் சேர்ந்து, அவ்வண்டிக்கு வேண்டிய தகட்டுப் பாகங்களை இங்கே செய்வித்து இங்கிலாந்துக்கே எடுப்பித்தார். ஒரு காலத்தில் அங்கிருந்து வந்த பொருளுக்கு இங்கிருந்து உறுப்புகள் போயின என்பது நினைத்துப் பார்க்கச் சுவையான செய்தி.

தோட்டத் தொழிற்சாலையில் பிட்டராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் இத்தகைய வண்டி ஒன்றை மலிவாக வாங்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். விற்பவர் என்ன சொல்வார்? "இஞ்சின் கல்லு மாதிரி இருக்குங்க ஐயா, பின்னால மட்டும் கொஞ்சம் சத்தம்" என்பார். அந்தக் "கொஞ்சம் சத்தம்" என்பதற்குள்ளேதான் வண்டியின் உண்மையான விலை ஒளிந்திருக்கிறது.

பட்டை வில் என்பது நீளம் குறைந்து குறைந்து வரும் உருக்குத் தகடுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிய கட்டு. எல்லாவற்றுக்கும் மேலுள்ள நீண்ட தகடே தலைப்பட்டை. அதன் இரு முனைகளும் வளையமாகச் சுருட்டப்பட்டிருக்கும். முன்வளையம் வண்டியின் உடலோடு ஓர் ஆணியாற் பிணைக்கப்படும். பின்வளையம் ஷக்கிள் எனப்படும் ஆடுகண்ணியில் தொங்கும். வில் நிமிரும்போது அதன் நீளம் கூடுவதால் அந்த ஆட்டம் வேண்டியதாகிறது. நடுவில் யூ போல்ட்டுகள் வில்லைப் பின்னச்சோடு இறுக்கிப் பிடிக்கும். ஏறும் பாரத்தின் அளவுக்கே வில் வளையும் என்பதை றொபர்ட் ஹூக் 1678ஆம் ஆண்டில் எழுதி வைத்தார். ஆனால் பாரம் தாங்குவது மட்டும் இவ்வில்லின் வேலையன்று. சக்கரம் வண்டியை உந்தும் விசையும், பிரேக் பிடிக்கும்போது எழும் விசையும் இதன் வழியாகவே உடலுக்குச் செல்கின்றன. அச்சு தன்னிடத்தில் நிற்பதும் இதனாலேயே. ஆகவே, தலைப்பட்டை முறிந்தாலோ முன்வளையம் கழன்றாலோ வண்டி ஒரு பக்கம் சாய்வதோடு காரியம் முடிவதில்லை, அச்சே இடம்பெயரும். சமதரையில் அது ஒரு சங்கடம். பெரகலை இறக்கத்து வளைவில் என்ன நேரும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஆதலின் வாங்குமுன் பார்க்க வேண்டியது வில்லையன்று. வில் மாட்டியிருக்கும் இடத்தை. மொறிஸ் மைனருக்குத் தனியான அடிச்சட்டகம் கிடையாது. உடலின் தகடே சட்டகமாகவும் நின்று பாரம் தாங்குகிறது. சக்கரங்கள் வாரி இறைக்கும் சேறு, வில்லின் தொங்குதாங்கிகள் பொருத்தப்பட்ட மூலைகளிலே தங்கி, ஆண்டுக்கணக்கில் ஈரத்தைக் காத்து வைக்கும். மேலே பூசிய கறுப்பு மை பளபளக்கும். உள்ளே தகடு அப்பளமாகியிருக்கும். ஒரு திருப்புளியின் முனையால் அவ்விடத்தை அழுத்திப் பார்ப்பதற்கு விற்பவர் இசையாவிட்டால் திரும்பி நடப்பதே நலம். அங்கே தகடு உட்குழியுமாயின் அது வீட்டு வேலையன்று. பழுதான பகுதியை வெட்டியெறிந்து, புதுத் தகடு வைத்து, தேர்ந்த வெல்டிங் தொழிலாளி ஒட்ட வேண்டிய வேலை அது. பெற்றோல் தாங்கியும் பின்புறத்திலேயே இருப்பதால் அதனைக் கழற்றி அகற்றாமல் தீப்பொறியை அங்கே கொண்டுபோகவும் கூடாது. அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்கிட்டால் பல "மலிவு" வண்டிகள் மலிவாய் இருப்பதில்லை.

தகடு உறுதியாக இருந்தால் மனம் ஆறலாம். பின்னாலெழும் ஓசைக்குப் பெரும்பாலும் காரணம் உருக்கன்று, இறப்பர். வில்லின் வளையங்களிலும் ஷக்கிளிலும் சிறு இறப்பர்ப் புஷ்கள் உண்டு. இரும்பு இரும்போடு உரசாமல் காப்பவை அவை. அவை தேய்ந்துவிட்டால் வண்டி புறப்படும்போதும் நிறுத்தும்போதும் "டக்" என்று ஓர் அடி கேட்கும். கராஜ் ஒன்றில் இதைச் சொன்னால் வில்லையே மாற்றச் சொல்வோரும் உண்டு, அது வீண். பக்கமாகச் சாய்ந்து நிற்கும் வண்டிக்கு வில் தளர்ந்திருக்கிறது. பின்மூலையை அழுத்தி விட்டால் ஒருமுறை எழுந்து அடங்காமல் ஊஞ்சலாடும் வண்டிக்கு ஷொக் அப்சோபரில் எண்ணெய் இல்லை. பின்னிருந்து பார்க்கையில் நண்டைப்போல் சற்றே பக்கவாட்டில் ஓடும் வண்டிக்கு, பட்டைகளை ஊடுருவிக் கட்டும் நடு ஆணி அறுந்திருக்கலாம்.

வேலையைத் தொடங்குமுன் சில நாட்களுக்கு ஆணிகள் எல்லாவற்றுக்கும் மாலைதோறும் எண்ணெய் விடுவது நன்று. துரு பிடித்த ஆணியோடு மல்லுக்கு நிற்பவன் தோற்பான். எண்ணெய்க்குக் காத்திருப்பவன் வெல்வான். லயங்களின் அருகே சமதரை கிடைப்பது அரிது. ஆயினும் கோவில் முற்றமோ விளையாட்டு மைதானத்தின் ஓரமோ, கெட்டியான சமதரையே வேண்டும். முன்சக்கரங்களுக்கு இரு புறமும் கல் வைத்தபின், வண்டியை ஜாக்கியால் உயர்த்தி, உடலின் உறுதியான பகுதிக்குக் கீழே தடித்த மரக்கட்டைகளை அடுக்கி அவற்றின்மேல் இறக்க வேண்டும். ஜாக்கி உயர்த்துவதற்கு உரியது. தாங்கி நிற்பதற்கு உரியதன்று. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின்கீழ்ப் புகுந்து உயிரிழந்தவர்கள் உலகெங்கும் உண்டு. பிள்ளைகள் உதவிக்கு வந்தால் விளக்குப் பிடிக்கட்டும், ஸ்பனர் எடுத்துக் கொடுக்கட்டும். கீழே புக வேண்டாம்.

அதன்பின் ஜாக்கியை அச்சின் கீழே வைத்து, வில்லின் இறுக்கம் நீங்கும் அளவுக்கு அச்சைத் தாங்கிக்கொள்ளலாம். ஷொக் அப்சோபரின் இணைப்புத் தண்டு, யூ போல்ட்டுகள், ஷக்கிள், முன்னாணி என்ற முறையில் ஒவ்வொன்றாகக் கழலும். அச்சைத் தாழ்த்தும்போது பிரேக் குழாயின்மேல் அதன் பாரம் தொங்காதபடி பார்ப்பது முக்கியம். இழுபட்ட குழாய் அன்றைக்கு ஒன்றும் சொல்லாது. பிறகு ஒருநாள் சொல்லும்.

வெளியே வந்த வில்லை மண்ணெண்ணெயும் கம்பித் தூரிகையும் கொண்டு துலக்கி, வளையத்திலிருந்து வளையத்துக்கு ஒரு நூலைக் கட்டி, நூலுக்கும் பட்டைக்கும் நடுவிலுள்ள ஆழத்தை அளந்து, மற்றப் பக்கத்து வில்லோடு ஒப்பிட்டால் தளர்ச்சி வெளிப்படும். பட்டைகளின் ஓரத்திலே மயிரிழை போன்ற வெடிப்பு உண்டா என்று பகல் வெளிச்சத்திற் பார்க்க வேண்டும். வெடித்த பட்டையை வெல்டிங் செய்வது பெரும்பிழை. கொல்லன் பட்டறையில் சிவக்கக் காய்ச்சி அடித்து வளைப்பதும் அவ்வாறே. வில்லுருக்கு, சூடேற்றித் தோய்த்து மீளவும் அளவாகச் சூடேற்றிப் பதப்படுத்தப்பட்டது. அந்தப் பதம் ஒருமுறை கெட்டால் பட்டை வெறும் இரும்பாகிவிடும். பார்வைக்கு அழகாக வளைந்திருக்கும். முதற் பாரத்திலேயே படுத்துவிடும். தோட்டத்துக் கொல்லர்கள் கவ்வாத்துக் கத்தி வடிப்பதிற் கைதேர்ந்தவர்கள்தாம். எனினும் வில் வேலை, அதற்கென்றே உலையும் அளவும் வைத்திருக்கும் ஸ்பிரிங் பட்டறைக்கு உரியது. ஒரு பக்கம் மாற்றினால் மறுபக்கமும் மாற்ற வேண்டும். புதியதும் பழையதும் ஒரே பாரத்துக்கு ஒரே அளவில் வளையமாட்டா.

இறப்பர்ப் புஷ்களை மாற்றுவது மலிவான வேலை. ஆயினும் இரண்டு பிழைகள் எங்கும் நடக்கின்றன. புஷ் வளையத்தினுள் எளிதாக வழுக்கிப் போகட்டும் என்று கிறீஸ் தடவுவது ஒன்று. இயற்கை இறப்பருக்கு எண்ணெய் பகை. அது ஊறி, பருத்து, மென்மையாகிச் சிதைந்துவிடும். 1876ஆம் ஆண்டில் ஹெனரத்கொடைத் தோட்டத்துக்கு இறப்பர்க் கன்று வந்து சேர்ந்தது முதல் இந்நாட்டார் அம்மரத்தோடு வாழ்கிறார்கள். இருந்தும் இப்பிழை ஓயவில்லை. சவர்க்கார நீரே போதும். மற்றது, வண்டி கட்டையின்மேல் நிற்கும்போதே ஷக்கிள் ஆணிகளை முற்றாக முடுக்கிவிடுவது. அப்போது வில் தொங்கும் நிலையில் இறப்பர் பிடிபட்டுவிடும். வண்டியை இறக்கியதும் பாரத்தால் வில் நிமிர, இறப்பர் முறுகும். ஒவ்வொரு குழியிலும் மேலும் முறுகிச் சில மாதங்களில் கிழிந்துவிடும். பிறகு, "இப்போது வரும் இறப்பர் சரியில்லை" என்று கடைக்காரரைக் குறை சொல்வார்கள். ஆணிகளை முதலில் கையளவாக முடுக்கி, வண்டியைச் சக்கரங்களில் இறக்கி, இரண்டுமுறை குலுக்கி அமர்த்தியபின்னரே இறுதியாக இறுக்குதல் வேண்டும்.

யூ போல்ட்டுகள் பழையன வேண்டாம். இழுபட்ட மரை மீண்டும் இறுகப் பிடிக்காது. நடு ஆணியின் தலை அச்சின் பீடத்திலுள்ள துளையிற் சரியாக அமர்ந்ததா என்று விரலால் தடவிப் பார்த்து, நான்கு நட்டுகளையும் குறுக்கும் மறுக்குமாகச் சிறிது சிறிதாக முடுக்கவேண்டும். ஷொக் அப்சோபரில் அதற்குரிய எண்ணெயை நிரப்பலாம். எண்ணெய் வெளியே கசிந்தால் அதன் அடைப்பு தேய்ந்தது என்பது பொருள். அதைப் பிரித்து மேய்வதைவிடப் புதுப்பித்த ஒன்றை வாங்குவதே சிக்கனம்.

முதற் பயணம் ஆளேற்றாமல் கொஸ்லந்தை வரையிற் போதும். திரும்பி வந்ததும் யூ போல்ட்டுகளை மீண்டும் முடுக்கினால் அநேகமாக ஒவ்வொன்றும் கால் சுற்றாவது இடங்கொடுக்கும். பட்டைகள் அப்போதுதான் ஒன்றன்மேலொன்று படிகின்றன. அடுத்த முறை நான்கு பேரை ஏற்றிப் பூனாகலை வழியாகப் பண்டாரவளை சென்று வந்தபின், இரு பக்கத்துச் சக்கர வளைவுகளின் உயரத்தையும் அளந்து ஒரு கொப்பியிற் குறித்து வைத்தால், மாரி மழை கழிந்ததும் அதே இடத்தில் வண்டியை நிறுத்தி மறுபடி அளந்து பார்க்கலாம்.