திருமலை அடுக்களையில் யப்பானியச் சாறு

வாடைக்காற்று வலுக்கின்ற கார்த்திகை, மார்கழித் திங்கள்களிலே திருகோணமலைக் கடல் தன் இயல்பு மாறிவிடுகின்றது. கீரியும் சூடையும் கும்பிளாவும் கூடைகூடையாக வந்திறங்கிய கரைகளில் அப்போது கவிழ்த்துவைத்த தோணிகளே காட்சி தரும். அந்நாள்களில் இல்லத்தரசியின் கை அடுக்களை மூலையிலுள்ள ஒரு சாடியைத் தேடிச் செல்கின்றது. சாடிக்குள் இருப்பது மாசி. கருங்காலிக் கட்டைபோற் கறுத்து இறுகிய அத்துண்டில் ஒன்றை எடுத்து, உரலிலிட்டு இடித்துச் சம்பலுக்குச் சேர்ப்பது கிழக்குக் கரையின் நெடுநாள் வழக்கம். இதே பொருளைக்கொண்டு முற்றிலும் வேறான ஒரு சமையலை யப்பானியர் வளர்த்திருக்கின்றனர் என்பதும், அச்சமையல் திருமலைக் குடும்பங்களின் நாளாந்த உணவுக்கு நன்கு பொருந்தும் என்பதும் நேயர்கள் அறிந்து மகிழத்தக்க செய்திகளாம்.

மாசி என்பது சூரை இனத்து மீன். சிங்கள மக்கள் அம்மீனைப் பலயா என்பர். அதிலிருந்து ஆக்கிய மாசியை உம்பலகட என்பர். மீனின் தலையும் குடலும் நீக்கி, நீளவாக்கிற் பிளந்து, உப்புநீரில் அவித்து, புகையில் வாட்டி, வெயிலில் உலர்த்தினால் மாசி ஆயிற்று. இலங்கைக்கு இது பெரும்பாலும் மாலைதீவிலிருந்தே வருகின்றது. 14-ஆம் நூற்றாண்டில் அத்தீவுகளிலே தங்கியிருந்த மொறோக்கோப் பயணி இபுனு பதூதா, மீனைத் துண்டாக்கி அவித்துப் புகையூட்டும் இம்முறையைக் கண்டு எழுதிவைத்துள்ளார். அது இந்தியாவுக்கும் சீனாவுக்கும் ஏமனுக்கும் ஏற்றுமதியானதென்றும் அவர் குறித்துள்ளார்.

யப்பானியர் அதே மீனைக் கட்சுவோ என்று அழைத்து, அதே போன்று அவித்துப் புகையூட்டி, கட்சுவோபுசி என்னும் பொருளை ஆக்குகின்றனர். புகையூட்டும் வழக்கம் அங்கே 17-ஆம் நூற்றாண்டளவில் உருப்பெற்றது. இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. யப்பானியர் உப்புச் சேர்ப்பதில்லை. உயர்ந்த வகைக்கு ஒருவகைப் பூஞ்சணத்தைப் படரவிட்டு வெயிலிற் காயவைப்பதும், மீண்டும் படரவிடுவதுமாகப் பல மாதம் காத்திருக்கின்றனர். நம்மவர் உரலில் இடிப்பதை அவர்கள் தச்சனின் சீவுளிபோன்ற ஒரு பெட்டியில் மெல்லிய சுருளாகச் சீவுகின்றனர். மாசியைச் சீவ முயலும் இல்லத்தரசி கத்தியையும் கையையும் கெடுத்துக்கொள்வாள். இடிப்பதே அதற்குத் தக்கது.

மாசி சேர்த்த கறிக்கு ஒரு தனிச்சுவை பிறக்கின்றதே, அது யாது? தமிழர் வகுத்த அறுசுவையுள் அதற்குத் தனிப்பெயர் இல்லை. தோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கிக்குனே இக்கெடா 1908-ஆம் ஆண்டு இதனை ஆராய்ந்தார். கொம்பு என்னும் கடற்பாசியிலிருந்து குளுட்டமேற்று என்ற பொருளைப் பிரித்தெடுத்து, அதன் சுவைக்கு உமாமி எனப் பெயரிட்டார். கொம்பு என்ற சொல் தமிழ்ச் செவிக்கு எருமையை நினைவூட்டினும், யப்பானிய வீட்டில் அது சாற்றுக்கு உயிராவது. ஐந்து ஆண்டுகளின் பின்னர், 1913-இல், அவர் மாணாக்கர் சிந்தாரோ கொடாமா கட்சுவோபுசியிலுள்ள சுவைப்பொருள் இனோசினேற்று என்பதைக் கண்டார். இவ்விருவகைப் பொருளும் ஒன்றுசேர்ந்தால் சுவை வெறுமனே கூடுவதன்று, பன்மடங்காகப் பெருகும் என்பதைப் பின்னாளில் அகிரா குனினாக்கா விளக்கினார். கடைகளில் அஜினமோட்டோ என்று விற்கும் வெண்டூள் இக்கெடாவின் கண்டுபிடிப்பின் வழிவந்தது. சாடியில் மாசி இருக்கையில் அத்தூளுக்குக் காசு செலவிடுவானேன்?

கொம்புப் பாசி குளிர்கடலில் விளைவது. கொட்டியாரக் குடாவில் அதனைத் தேடிப் பயனில்லை. ஆயின் குளுட்டமேற்று நன்கு பழுத்த தக்காளியிலும் மிகுதியாக உண்டு. மாசியையும் தக்காளியையும் சேர்த்துச் சொதி வைத்த பாட்டிமார் இரசாயனம் கற்றவர் அல்லர்; நாவினால் அறிந்ததையே செய்தனர்.

சாறு ஆக்கும் முறை எளிது. நால்வர் உள்ள குடும்பத்துக்கு ஒரு லீற்றர் தண்ணீரும் 25 கிராம் மாசியும் போதும். மாசியை ஒருமுறை கழுவி, ஒன்றிரண்டாக இடித்து, அரைமணி நேரம் தண்ணீரில் ஊறவிடல் வேண்டும். பின்பு ஒரு தக்காளியைப் பிளந்து போட்டு, மெல்லிய தணலிற் பத்து நிமிடம் வைத்து வடித்துக்கொள்ளலாம். தளதளவென்று கொதிக்கவிட்டால் சாறு கலங்கிக் கைப்புத் தட்டும். மாசியில் உப்பு இருப்பதனால் சுவைத்துப் பார்க்குமுன் உப்பிடலாகாது. வடித்த சக்கையை எறிய வேண்டுவதில்லை. யப்பானியர் அதனை மீண்டும் காய்ச்சி இரண்டாஞ் சாறு எடுப்பர், அல்லது வறுத்துச் சோற்றின்மேல் தூவுவர். திருமலையில் அது செத்தல் மிளகாயுடனும் தேங்காய்ப்பூவுடனும் அம்மிக்குப் போகட்டும்.

இச்சாற்றிலே முருங்கைக்கீரையோ பொன்னாங்காணியோ ஒரு பிடி இட்டு, முட்டை ஒன்றை அடித்து நூலாக ஊற்றினால், தேங்காய்ப்பால் இல்லாமலே ஒரு சொதி கிடைக்கின்றது. தேங்காய் விலை ஏறும் காலங்களில் இது சிறிய உதவியன்று. தேசிப்புளி சில துளி விடலாம். பச்சைமிளகாய் ஒன்றைக் கீறிப் போடலாம். கறித்தூளை மட்டும் விலக்க வேண்டும். புகைமணத்தை அது விழுங்கிவிடும்.

மீன் கிடைக்கும் பருவத்துக்கு உரியது மற்றொன்று. பாரைத் துண்டுகளை அகன்ற சட்டியிற் பரப்பி, இஞ்சிச் சீவலும், சோயா சோஸ் மூன்று மேசைக்கரண்டியும், சீனி ஒரு மேசைக்கரண்டியும், மீன் பாதி மூழ்கும் அளவு தண்ணீரும் விட்டு அவிப்பது. இங்கே யப்பானியர் கையாளும் உபாயம் ஒன்று போற்றத்தக்கது. சட்டியின் வாயிலும் சிறியதொரு மரமூடியை மீனின்மேலேயே படியும்படி இறக்கிவைப்பர். குறைந்த நீரும் மூடியில் மோதித் திரும்பி மீனின் முதுகை நனைக்கும். துண்டு புரண்டு உடையாது. மரமூடி இல்லாத வீட்டில் வாழையிலையை வட்டமாக நறுக்கி, நடுவே துளையிட்டு மூடலாம். எண்ணெய் ஒரு துளியும் வேண்டாத இக்கறி கால்மணி நேரத்துள் ஆகிவிடும். 2022-ஆம் ஆண்டில் எரிவாயு உருளைக்காக வரிசையில் நின்றவர்களுக்குக் கால்மணி நேரத்தின் அருமையை எடுத்துரைக்கத் தேவையில்லை. இரத்த அழுத்தம் உடையோர் சோயா சோஸைப் பாதியாகக் குறைத்தல் நன்று.

ஒயாக்கோ என்னும் உணவின் பெயர் சுவையானது. ஒயா என்பது பெற்றோர். கோ என்பது பிள்ளை. கோழியையும் முட்டையையும் ஒரே சட்டியில் வேகவைப்பதனால் அப்பெயர்! வெங்காயத்தைச் சாற்றில் அவித்து, சிறு கோழித்துண்டுகளை வேகவிட்டு, சோயா சோஸும் சிறிது சீனியும் கூட்டி, அடித்த முட்டையை மேலே ஊற்றிச் சுடுசோற்றின்மீது கவிழ்ப்பர். யப்பானியர் முட்டையை அரைவேக்காட்டில் இறக்குவர். வெப்பம் மிகுந்த நம் ஊரில், குழந்தைகள் உண்ணும் இடத்து, முழுதும் வேகவிடுதலே தகும்.

நிற்க, யப்பானின் பெயர் இத்துறைமுகத்தில் உணவோடு மட்டும் தொடர்புடையதன்று. 1942-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ஆம் நாள் யப்பானியக் கடற்படை விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. துறைமுகமும் சீனன்குடா விமானத் தளமும் எரிந்தன. எண்ணெய்த் தொட்டி ஒன்று தீப்பற்றிப் பல நாள் எரிந்தது. அதனை நேரிற் கண்டோர் இன்று மிகச் சிலரே. 1951-இல் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில் இலங்கையின் சார்பிற் பேசிய ஜே. ஆர். ஜயவர்த்தனா, யப்பானிடமிருந்து நட்டஈடு கோரப்போவதில்லை என்று அறிவித்தார். குண்டு வீசிய கப்பல்களின் சமையலறையில் எத்தகைய உணவு வெந்தது என்பதை இங்கு எவரும் எண்ணிப் பார்த்திலர். 1908-இல் வெளியான யப்பானியக் கடற்படைச் சமையல் நூலிலேயே கறியும் சோறும் இடம்பெற்றுவிட்டது. தென்னாட்டுக் கறி ஆங்கிலேயர் வழியே மாவு சேர்ந்து கெட்டியாகி யப்பானை அடைந்த கதை அது. திருமலையைத் தளமாகக்கொண்டிருந்த ஆங்கிலக் கடற்படையைப் பார்த்தே யப்பானியர் தம் கப்பல் உணவைத் திருத்தினர்.

திருத்தவேண்டிய தேவை கொடியதாக இருந்தது. 1882-இல் புறப்பட்ட றியூஜோ என்னும் பயிற்சிக் கப்பலில் 376 பேருள் 169 பேரைப் பெரிபெரி நோய் பற்றியது. 25 பேர் மாண்டனர். அவர்களது உணவு பெரும்பாலும் தீட்டிய வெள்ளை அரிசி. கடற்படை மருத்துவர் கனெகிரோ தகாக்கி, 1884-இல் இன்னொரு கப்பலை அதே வழியில், இறைச்சியும் பிற தானியமும் கொடுத்து அனுப்பினார். நோயுற்றோர் மிகச் சிலர். அந்நோயால் இறந்தவர் எவருமில்லை. புரதக் குறைவே நோய்க்குக் காரணம் என்று அவர் கருதியது பிழை. உயிர்ச்சத்து பி1 இன்மையே காரணம் என்பது பின்னர் விளங்கிற்று. ஆயினும் அவர் தந்த உணவு உயிர்களைக் காத்தது. பெரிபெரி என்ற பெயரே சிங்களச் சொல்லிலிருந்து பிறந்தது என்று அகராதிகள் கூறும். தம்பலகாமத்து வயலிலும் கந்தளாய்க் குளத்து நீரிலும் விளைந்த நெல்லை அவித்துக் குத்தும் வழக்கம் அந்தச் சத்தை அரிசிக்குள்ளேயே தங்கச்செய்கின்றது. யப்பானியச் சமையலை விரும்புவோர், தட்டில் வெண்மையாகத் தோன்றவேண்டும் என்பதற்காகக் குத்தரிசியைக் கைவிடுவாராயின் இழப்பு அவர்களுடையதே.

உருட்டிப் பிடிக்கும் ஒனிகிரி என்ற சோற்றுக்கு மட்டும் குத்தரிசி ஒத்துவராது, உதிர்ந்துபோகும். அதற்குத் தவிடு முற்றும் நீங்காத சிவப்புப் பச்சையரிசியைச் சற்றுக் குழைய ஆக்கிக்கொள்ளலாம். உள்ளங்கையை உப்புநீரில் நனைத்து, ஒரு பிடி சோற்றை வைத்து, நடுவே குழிசெய்து மாசிச் சம்பல் சிறிது வைத்து மூடி, முக்கோணமாக அமுக்கினால் ஆயிற்று. தாய் கையால் குழைத்துக் கொடுத்த கவளம் பள்ளிக்கூடப் பைக்குள் போவது போன்றது இது. காலையில் வாழையிலையிற் சுற்றிக் கொடுத்தால் இடைவேளை மணி அடிக்கும்வரை கெடாது. தேங்காய்ப்பூச் சேர்த்த சம்பலை மட்டும் உள்ளே வைக்கலாகாது. வெயிலில் அது புளித்துப்போம்.